கூரை மனு

தனகோட்டி அந்த மனுவில் கைநாட்டு வைத்தது மல்லாட்டைக் கொல்லையில். கார்த்திகை முதல் வாரம். ரெண்டு நாள் அடித்த மழை விட்டிருந்தது. ஈரம் காய்வதற்குள் பிடுங்கினால்தான் கடலைக்காய் அறுபடாமல் கொத்தோடு வரும் என்று கொல்லைக்காரர் ரங்கநாதன் முப்பது பொம்பளைகளை ஒரே நாளில் கொல்லையில் இறக்கியிருந்தார். பத்துப் பேர் செடி பிடுங்கிக் குவித்தார்கள். மற்றவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். செஞ்சிக் கோட்டை மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. அந்த மேகம் இறங்கி வருமா, அப்படியே நகர்ந்து போகுமா என்று எல்லோரும் அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அரிகிருஷ்ணன் வரப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தான். ரங்கநாதனின் தங்கை மகன். கொல்லைமேட்டுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஒரு கையில் நாலாக மடித்த காகிதம், இன்னொரு கையில் மை டப்பா.

"எல்லாரும் செத்த கைய நிறுத்துங்க. பள்ளிக்கொடத்து ஓடெல்லாம் ஒடஞ்சி ஒழுவுது இல்ல? மாத்திக் குடுக்கச் சொல்லி மேல எழுதுறோம். புள்ளய அனுப்புறவங்க எல்லாம் ஒரு ரேகை வையுங்க."

தனகோட்டிதான் முதலில் எழுந்தாள். போன மழையில் மூணு வகுப்புப் பிள்ளைகளும் ஒரே மூலையில் ஆடுகள் மாதிரி ஒண்டிக்கொண்டு நின்றதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். கட்டைவிரலில் செம்மண் அப்பியிருந்ததால் முதல் ரேகை சேறாக விழுந்தது. "தொடச்சிட்டு வையி" என்றான் அரிகிருஷ்ணன். அவள் முந்தானையில் எச்சில் தொட்டு விரலைத் துடைத்து, மறுபடி அழுத்தி வைத்தாள். "இப்ப நல்லா வுழுந்துதா பாரு" என்று அவளே கேட்டாள்.

"ரொம்ப நல்லா வுழுந்துது" என்றான் அவன்.

தனகோட்டிக்குப் பள்ளிக்கூடத்தின்மேல் நம்பிக்கை வந்து ரெண்டு வருசம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அந்தக் கட்டடத்தைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல். மகள் பூங்காவனத்துக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க நிற்பாள். அவளை ஒண்ணாம் வகுப்பில் சேர்த்து ஒரு வருசம் தினமும் அனுப்பினாள். காய்ச்சல் என்றுகூட நிறுத்தவில்லை. வருசக் கடைசியில் அப்போதிருந்த வாத்தியார், "ஒங்க பொண்ணு பாதி நாள் வரவேயில்ல. ஒண்ணாவதே இன்னொரு வருசம் ஒக்காரட்டும்" என்று சொல்லிவிட்டார். தனகோட்டி சண்டை போட்டாள். அவர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அதில் இருந்தது என்ன எழுத்து என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து, "பள்ளிக்கொடம்னு சொல்லிட்டு எங்கடி போன?" என்று மகளைத்தான் அடித்தாள்.

அடுத்த வருசம் அசீசுன்னிசா டீச்சர் மாற்றலாகி வந்தார். செஞ்சியில் பள்ளிவாசல் தெருவில் வீடு. காலையில் வல்லம் போகிற பஸ்ஸைப் பிடித்து, விலக்கு ரோட்டில் இறங்கி, ஒரு மைல் நடந்து வருவார். வந்த பத்தாம் நாள் தனகோட்டியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பேர் கூப்பிடும்போது ஒங்க பொண்ணுக்கு 'உள்ளேன்'னு சொல்ல வாய் வர நேரமாவுது. அதுக்குள்ள முன்னாடி இருந்தவர் அடுத்த பேருக்குப் போயிருக்காரு. வராதவங்க கணக்குல போட்டுட்டாரு. தெனமும் ஒக்காந்திருந்த பொண்ணும்மா இது."

தனகோட்டி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அடித்த அடியெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

டீச்சர் பூங்காவனத்தைக் கையைத் தூக்கச் சொன்னார். படிக்கும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் விரலால் தொடையில் தட்டிக்கொண்டே படிக்கச் சொல்லிக் கொடுத்தார். இப்போது மூணாவது. பூங்காவனம் திக்கித் திக்கியாவது பாடம் படிப்பாள். அரிசி கட்டி வருகிற பொட்டலக் காகிதத்தைக்கூட விடுவதில்லை.

மனு போய்ப் பதினைந்து நாள் இருக்கும். பூங்காவனம் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். தனகோட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மகள் கிட்டே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"இன்னாடி, ஒடம்பு சரியில்லயா?"

"டீ... டீச்சர் இனிமே வர மாட்டாங்க. வி... விசாரணையாம்."

"எதுக்கு விசாரணை?"

"ஊர்ல எல்லாரும் எழுதிக் குடுத்தாங்களாம். டீச்சர் லேட்டா வராங்களாம். புள்ளைங்களப் பாத்திரம் தேய்க்கச் சொல்றாங்களாம்." பூங்காவனத்தின் விரல் பாவாடையில் வேகமாகத் தட்டிக்கொண்டது. "எ... என்ன அடிச்சி அடிச்சித்தான் எனக்கு இ... இப்டி ஆச்சாம். நீதான் கைநாட்டு வச்சியாம். பெரிய வாத்தியார்கிட்ட பேப்பர் இருக்குது. நான் பாத்தன். எம் பேரு போட்டிருக்குது."

தனகோட்டி கையிலிருந்த கீரைக் காம்பைக் கீழே போட்டாள். "யாரு சொன்னது? அது கூரைக்கு எழுதினதுடி. ஓடு மாத்துறதுக்கு."

"கூ... கூரைன்னு அதுல ஒரு எழுத்துகூட இல்லம்மா."

அன்றைக்கே தனகோட்டி செஞ்சிக்கு நடந்தாள். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை. பள்ளிவாசல் தெருவில் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். டீச்சர் வெளியே வந்து பார்த்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"டீச்சர், கூரைன்னு சொன்னான் டீச்சர். எம் பொண்ணு மேல சத்தியம். எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அசீசுன்னிசா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் வீங்கியிருந்தது.

"மத்த பேரெல்லாம் பாத்தப்ப எனக்குக் கோவம்தான் வந்துது. ஒங்க பேரப் பாத்தப்பதான் பயம் வந்துது. ஒருவேள நெஜமாவே அப்பிடி நெனைக்கிறாங்களோன்னு. அந்தப் பொண்ண நான் எப்பவாவது தெரியாம அடிச்சிருக்கேனான்னு யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன்."

தனகோட்டிக்கு அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம் என்று இருந்தது.

"எதுக்கு டீச்சர் இப்டிப் பண்ணாங்க?"

"பள்ளிக்கொடத்துக்கு வர்ற அரிசி மூட்ட பின்பக்கமா அரிகிருஷ்ணன் சைக்கிள்ல போவுது. புள்ளைங்க தட்டுல பாதிக் கரண்டிதான் வுழுது. சொல்லிப் பாத்தேன், கேக்கல. மேல எழுதிப் போட்டேன். நான் எழுதினது போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க எழுதினது போயிடுச்சி." டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வியாழக்கெழம விசாரணை. நீங்க வர வேணாம். அவங்க கொல்லையிலதான் வேல செய்யிறீங்க, அவங்க மனையிலதான் குடியிருக்கீங்க. எனக்குத் தெரியும். போங்க."

வர வேணாம் என்று அவர் சொன்னதுதான் வழியெல்லாம் அவளைக் குடைந்தது.

புருசன் பச்சமுத்து பொழுது சாய வந்தான். ரங்கநாதனின் கிணற்று மோட்டார் அவன் பொறுப்பு. கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது மோட்டாரைப் போட்டு, மடை திருப்பி, கரண்ட் போனதும் நிறுத்த வேண்டும். அதற்காகவே மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் குடிசை போட்டுக்கொள்ள இடம் கொடுத்திருந்தார் ரங்கநாதன். பஞ்சாயத்துத் தலைவர் பதவி முடிந்து எவ்வளவோ காலம் ஆகியும் ஊரில் அவருக்குத் தலைவர் என்றுதான் பேர்.

களியைக் கிண்டி இறக்கி, கருவாட்டுக் குழம்பை ஊற்றி வைத்துவிட்டு தனகோட்டி விசயத்தைச் சொன்னாள். அவன் ஒரு உருண்டை களியை விழுங்கிவிட்டுக் கையை நிறுத்தினான்.

"இப்ப இன்னா பண்ணணுன்ற?"

"வியாழக்கெழம போயி நடந்தத சொல்லணும்."

"யாருகிட்ட? அங்க தலைவரும்தான் ஒக்காந்திருப்பாரு. அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லுவியா?"

"எம் பொண்ணு பேர எழுதியிருக்கான்யா. அந்தம்மா அடிச்சி வாய் திக்குதுன்னு எழுதியிருக்கான். பொறந்ததிலேர்ந்து திக்குது. ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஆபீசருக்குத் தெரியணும்னு இன்னா? டீச்சரு கவருமெண்டு சம்பளக்காரங்க. இந்த ஊரு இல்லன்னா இன்னொரு ஊரு. நம்மள வெளியில போன்னா எங்க போவ? ஏரிக்கரையிலயா? இந்த மளயில?"

"அப்ப என் வெரல வச்சி எவன் வோணாலும் இன்னா வோணாலும் எழுதிக்கலாமா?"

"முப்பது பேரு வச்சாங்க. ஒனக்கு மட்டும் இன்னா?"

"முப்பது பேரு பொண்ணையும் அந்தம்மா பேச வைக்கல."

பச்சமுத்து தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். வாசலில் நின்று பீடி பற்ற வைத்தான். தூறல் விழுந்து அது அணைந்தது. "நான் வர மாட்டன்" என்றான் திரும்பாமலே. "நீ போவாதன்னு சொன்னாலும் கேக்க மாட்ட. போவாதன்னுதான் சொல்றன்."

மறுநாள் தலைவரின் இன்னொரு கொல்லையில் காய் ஆயும்போது தனகோட்டி பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். சிலர் காதில் விழாத மாதிரி ஆய்ந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி, "அந்தம்மா லேட்டா வந்தது ஒரு நாளு உண்டுதான" என்றாள். ரத்தினம்மாள் மட்டும் கொத்தைக் கீழே போட்டுவிட்டு, "எம் பையனுக்குச் சட்ட தச்சிக் குடுத்தாங்க அந்த டீச்சரு. நான் வரன் தனகோட்டி. ரெண்டு பேரா போவலாம்" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் ரத்தினம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து புகை வந்தது. அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது. தனகோட்டி ரெண்டு தடவை கூப்பிட்டாள். அப்புறம் பூங்காவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள்.

செஞ்சியில் கல்வி ஆபீஸ் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் இருந்தது. அதிகாரி வழுக்கைத் தலைக்காரர், சளி பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். அவர் எதிரே நாற்காலியில் ரங்கநாதன். பின்னால் சுவரில் சாய்ந்து அரிகிருஷ்ணன். ஓரமாகப் பெஞ்சில் அசீசுன்னிசா டீச்சர், தலையில் முக்காடு இழுத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி. தனகோட்டியைக் கண்டதும் நிமிர்ந்தார், மறுபடி குனிந்துகொண்டார்.

"யாரும்மா நீ?"

"தனகோட்டிங்க. கொல்லைமேடு. மனுவுல என் ரேகை இருக்குதுங்க."

ரங்கநாதன் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தார். "நம்ம மோட்டார்க்காரன் பொண்டாட்டிதான் சார். சொல்ல வந்திருக்கும். சொல்லு தனகோட்டி, பயப்படாத."

அதிகாரி மனுவை எடுத்து மேசையில் விரித்தார். "இது ஒன்னோட ரேகைதானா?"

தனகோட்டி குனிந்து பார்த்தாள். வரிசை வரிசையாக ஊதா நிற விரல்கள். அவளுடையது முதலில் இருந்தது, பக்கத்தில் சேறு படிந்த இன்னொன்றோடு. மறுக்க வழியில்லை. மறுக்கவும் அவள் வரவில்லை.

"ரேகை என்னுதுதாங்க. பேச்சு என்னுது இல்ல."

"அப்படின்னா?"

"கூரை மாத்தறதுக்குன்னு சொல்லி வாங்கனாங்க. இதுல டீச்சரப் பத்தி எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாது. எம் பொண்ணு பொறவியிலயே இப்டித்தான். அந்தம்மா அவள அடிச்சதே இல்ல. நான்தான் அடிச்சன்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "வராத நாளுன்னு வேற வாத்தியாரு தப்பா எழுதி வச்சத நம்பி, நான்தாங்க அடிச்சன்."

ரங்கநாதனின் சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, கண்ணில் மட்டும் இல்லை.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு குமாஸ்தாவிடம் சொல்லச் சொல்ல, அவர் ஒரு தாளில் எழுதினார். எழுதி முடித்து மை டப்பாவை நகர்த்தினார். "இங்க வையிம்மா. ஒன் வாக்குமூலம்."

தனகோட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எம் பொண்ணு படிச்சிக் காட்டட்டுங்க. அப்பறம் வைக்கிறன்."

"எங்களுக்கு இருக்கிற வேலைக்கு நடுவுல..." என்று ஆரம்பித்த அதிகாரி, அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, "சரி, குடுங்க" என்றார்.

பூங்காவனம் தாளை வாங்கினாள். முதல் எழுத்திலேயே நின்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. குமாஸ்தா, "நானே படிக்கிறன் சார்" என்று கையை நீட்டினார். "இரு" என்றார் அதிகாரி. பெஞ்சிலிருந்த டீச்சர் உதட்டை அசைக்கவில்லை, பூங்காவனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூங்காவனம் விரலால் தொடையில் தட்டத் தொடங்கினாள்.

"நா... நான் எழுதப் படிக்கத் தெரியாதவள். ப... பள்ளியின் கூரையைப் பழுது பார்க்கக் கோரும் ம... மனு என்று த... தவறாக எண்ணி, மேற்படி மனுவில் கைரேகை வைத்து விட்டேன்..."

"அங்க நிறுத்து" என்றாள் தனகோட்டி. "தவறா எண்ணின்னா இன்னாங்க அர்த்தம்? நானா தப்பா நெனச்சிக்கிட்டன்னா?"

"ஆமாம்மா, அதான. தெரியாம வச்சிட்ட."

"நானா நெனைக்கலீங்க. தோ நிக்கிறாரே, அரிகிருஷ்ணன், அவரு மல்லாட்டைக் கொல்லையில வந்து அப்டிச் சொன்னாரு. சொல்லித்தான் வாங்கனாரு. சொன்னாருன்னு எழுதணும். யாரு சொன்னாங்கன்னும் எழுதணும்."

"தனகோட்டி!" என்றார் ரங்கநாதன். ஒரே ஒரு வார்த்தை. அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. 

"எழுதுங்க" என்றாள் அதிகாரியைப் பார்த்து.

அவர் குமாஸ்தாவுக்குத் தலையசைத்தார். அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் புதிதாக எழுதினார் குமாஸ்தா. பூங்காவனம் அதையும் படித்தாள். அரிகிருஷ்ணன் பேரில் அவள் சிக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். யாராலும் அவளை அவசரப்படுத்த முடியவில்லை. அந்தப் பேர் முழுசாக வெளியே வந்த பிறகுதான் தனகோட்டி விரலை மையில் வைத்தாள்.

இவ்வளவு நடந்தும் டீச்சருக்குக் கொல்லைமேடு திரும்பக் கிடைக்கவில்லை. குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று எழுதினார்கள். ஆனாலும் ஊரில் பகையாகிவிட்டதால் மேல்மலையனூர் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அரிகிருஷ்ணனைக் கண்டித்துக் கடிதம் வந்தது என்றார்கள். வேலை போகவில்லை.

டீச்சர் பஸ் ஏறிய அன்று தனகோட்டி ஸ்டாண்டில் போய் நின்றாள். ஜன்னல் வழியாக டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீடு என்னாச்சி?"

"அது இருக்குது டீச்சர்" என்று பொய் சொன்னாள் தனகோட்டி.

விசாரணை முடிந்த மறுநாளே மோட்டார் சாவியை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் காலி பண்ணச் சொன்னார்கள். பச்சமுத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. குடிசையைப் பிரித்து, மூங்கிலையும் ஓலையையும் தலைச்சுமையாகச் சுமந்து ஏரிக்கரைப் புறம்போக்கில் போட்டார்கள். ஓலை கட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதிக் கூரையின் கீழே பாத்திரங்களை வைத்துவிட்டு மூணு பேரும் நனைந்துகொண்டு நின்றார்கள். ரத்தினம்மாள் ஒரு கத்தை ஓலையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.

"யோவ், ரெண்டு வார்த்த திட்டிடுயா" என்றாள் தனகோட்டி.

பச்சமுத்து ஓலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். "அந்தக் கயித்த எடு" என்றான்.

ஏரிக்கரையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போக ஓடையைத் தாண்ட வேண்டும். மழையில் அதில் இடுப்பளவு தண்ணீர். நாலு நாள் பூங்காவனத்தை அனுப்ப முடியவில்லை. தனகோட்டிக்குக் கல் உடைக்கிற இடத்தில் கூலி வேலை கிடைத்திருந்தது, விடியவே போக வேண்டும். டீச்சரும் இல்லை, இனிமேல் எதற்கு அனுப்ப வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. அதை வெளியே சொல்ல மட்டும் பயமாக இருந்தது. சொன்னால், அப்புறம் இதெல்லாம் எதற்கு என்று ஆகிவிடும்.

அஞ்சாம் நாள் அவள் கல்லுடைக்கப் போய்விட்டுப் பொழுதோடு திரும்பினாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பூங்காவனம் கிழிந்த பாயில் உட்கார்ந்து பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். தலைமுடி காய்ந்திருந்தது, பாவாடை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"பள்ளிக்கொடம் போனியா?"

"நை... நைனா தோள்ல தூக்கிக்கினு போச்சி."

பச்சமுத்து அந்தப் பள்ளிக்கூட வாசலை அதுவரை மிதித்ததே இல்லை. மகளைச் சேர்க்கும்போதுகூடத் தெருவிலேயே நின்றுகொண்டவன். தனகோட்டி அவன் இருக்கிற பக்கம் பார்த்தாள். அவன் கரையில் உட்கார்ந்து கிழிந்த மீன்வலை ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வுட்டுட்டு வந்துடுச்சா?"

"இல்ல. அரிகிருஷ்ணன் அரிசி எடுக்க வந்தப்பவும் அங்கியே நின்னுச்சி. சமையக்கட்டு வாசப்படியில. அவரு, 'இன்னாடா வேணும்'னு கேட்டாரு."

"நைனா இன்னா சொல்லிச்சி?"

"ஒ... ஒண்ணும் சொல்லல. மூட்டையவே பாத்துக்கினு நின்னுச்சி. அரிசியக் களஞ்சி ஒலையில போட்ட பெறவுதான் வந்துச்சி. நா... நாளைக்கும் வரும்னு சொல்லிட்டு வந்துச்சி."

தனகோட்டி சட்டியை எடுத்துக் கூழைக் கரைத்தாள். ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கடித்துக்கொள்ள ஒரு மிளகாயை வைத்து மகள் முன்னால் நகர்த்தினாள். பூங்காவனம் அதைத் திருப்பித் தள்ளினாள்.

"நைனாவுக்குக் குடும்மா. எனக்குப் பசிக்கல. இ... இன்னிக்கி எல்லாருக்கும் ரெண்டாந்தடவ சோறு போட்டாங்க."